காரைக்குடியில் லேப் கருவி விற்கும் வேலை: முதல் விசாரிப்பு முதல் சர்வீஸ் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டை வாங்கக் காசு எடுத்து வைத்திருந்தால் அதில் ஒரு ஐந்து மீட்டர் டேப்பும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சிரிப்பார்கள், ஆறு மாதம் கழித்து சிரிப்பதில்லை. பிரவுச்சரில் பார்த்தால் எல்லாக் கம்பெனி மெஷினும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மெஷின் போய் உட்காரப் போகிற அறையை முன்கூட்டியே பார்த்தவனிடம்தான் ஆர்டர் நிற்கும், அடுத்த ஆர்டரும் அவனைத் தேடித்தான் வரும். காரைக்குடியை மையமாக வைத்து சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மூன்று மாவட்டங்களிலும் பைக்கிலும் பஸ்ஸிலும் அலைந்து, பாதி விஷயங்களை அடிபட்டுக் கற்றுக்கொண்டவன் எழுதுவது இது. அந்த அடிகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் ஏரியாவில் யார் என்ன அளக்கிறார்கள்

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய வீடும் கோழி வறுவலும் ஞாபகம் வரும். நமக்கு ஞாபகம் வர வேண்டியது சிக்ரி. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது அது. இல்லாவிட்டால் இப்படி ஓர் ஆய்வகம் ஏதோ ஒரு பெருநகரத்துக்குத்தான் போயிருக்கும். பேட்டரி, அரிமானம், மின்முலாம் என்று அங்கே நடக்கிற வேலைக்கெல்லாம் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட், பேட்டரியை ஏற்றி இறக்கிப் பார்க்கும் சைக்ளர், வெளிக்காற்றுப் படாமல் வேலை செய்ய குளோவ் பாக்ஸ், சூடேற்றும் ஃபர்னஸ் என்று தேவை இருந்துகொண்டே இருக்கும். பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம், 1952இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி, இன்னும் பல கலைக் கல்லூரிகள். ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

ஆனால் ஆய்வகத்தை மட்டும் நம்பினால் வருடத்தில் பாதி நாள் சும்மா உட்கார வேண்டியிருக்கும். புதுவயல் ரைஸ் மில்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஈரப்பதம் பார்க்கும் மீட்டர்தான் உயிர். அரசுக் கொள்முதலில் நெல்லுக்கு 17 சதவீதம் என்பது பொதுவான வரம்பு, மழைக் காலத்தில் தளர்வு கேட்டு மனு போகும். அந்த ஒன்றிரண்டு சதவீதத்தில் மில்காரருக்கு எவ்வளவு பணம் நிற்கிறது என்று புரிந்துவிட்டால் அவரிடம் எப்படிப் பேசுவது என்று நான் சொல்லித் தர வேண்டாம். தொண்டி, மீமிசல் கடற்கரைப் பக்கம் இறால் பண்ணைகள். அவர்களுக்கு உப்புத்தன்மை பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் மீட்டர், பிஹெச் மீட்டர். தண்ணீர் கேன் போடும் பிளான்ட்டுகளுக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர். ரோடு கான்ட்ராக்டருக்கு நிலம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன். நகைக்கடைக்குத் துல்லியத் தராசு, கொஞ்சம் பெரிய கடை என்றால் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின். பள்ளிக்கூடங்களுக்கு பிராக்டிகல் தேர்வுக்கு முன்னால் டிசம்பர், ஜனவரியில் ப்யூரெட், பிப்பெட், சாதாரணத் தராசு.

ஒரு எச்சரிக்கை. தராசு விற்கவும் பழுது பார்க்கவும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் வேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுக்கு முத்திரையும் வேண்டும். தங்கம் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வேலையும் இருக்கிறது. இதையெல்லாம் கஸ்டமருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெஷின் வந்த பிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்.

இரண்டாம் படி: எங்கே வேலைக்குச் சேர்வது

மூன்று வழி இருக்கிறது. கருவி தயாரிக்கும் கம்பெனியில் நேரடியாகச் சேரலாம். சம்பளம், பயணப்படி, பயிற்சி எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆனால் ஒரே பிராண்டுதான், ஏரியாவும் தமிழ்நாடு முழுக்க இருக்கும். அல்லது சென்னை, மதுரை, கோவையில் இருக்கும் விநியோகஸ்தரிடம் சேரலாம். பத்து பிராண்டு கையில் இருக்கும், எதையும் ஆழமாகச் சொல்லித் தர மாட்டார்கள். மூன்றாவது, உள்ளூரில் கெமிக்கல், கண்ணாடிச் சாமான் விற்கிற கடை.

என் கருத்து கேட்டால் மூன்றாவதில் ஒரு வருடம் இருங்கள். நகரத்தார் வீடுகளில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வியாபாரத்துக்குப் போனவர்களை 'கொண்டுவிக்கப் போனார்கள்' என்பார்கள். அங்கே போனதும் முதலாளி ஆனவர்கள் குறைவு, பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து கணக்கு எழுதித்தான் மேலே வந்தார்கள். நாம் கொண்டுவிக்கப் போவது தொண்டி வரைக்கும்தான் என்றாலும் முறை அதுதான். ஃபில்டர் பேப்பரும் பீக்கரும் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் ஒவ்வொரு லேபுக்குள்ளும் நுழையலாம். எந்த மெஷின் பழசு, எது ஓடவில்லை, எந்த அறையில் ஏசி இல்லை, எல்லாம் கண்ணில் படும். இன்ஸ்ட்ரூமென்ட் விற்கிறேன் என்று சொல்லிப் போகிறவனை வெளி வராந்தாவில் உட்கார வைப்பார்கள்.

படிப்பு என்று பார்த்தால் பிஎஸ்சி வேதியியல் அல்லது இயற்பியல், இல்லாவிட்டால் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ போதும். பைக் லைசென்ஸ் கட்டாயம்.

மூன்றாம் படி: விற்கிற பொருளைப் படிப்பது

எல்லாவற்றையும் படிக்க முடியாது. நான்கு கருவிகளை அடிமுதல் நுனிவரை தெரிந்துகொள்ளுங்கள்: பிஹெச் மீட்டர், அனலிட்டிக்கல் தராசு, யூவி ஸ்பெக்ட்ரோமீட்டர், இந்த ஊர் என்பதால் பொட்டென்ஷியோஸ்டாட்.

பிஹெச் மீட்டரில் தெரிய வேண்டியது ஒரே எண்: 25 டிகிரியில் ஒரு பிஹெச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட். எலக்ட்ரோடு பழசானால் இந்தச் சரிவு குறையும். 95 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் முதலில் சுத்தம் செய்து பாருங்கள், சரியாகவில்லை என்றால் மாற்றச் சொல்லுங்கள். மீட்டரையே மாற்றச் சொல்லாதீர்கள், அந்த நேர்மைக்கு அடுத்த வருடம் பலன் வரும்.

யூவி ஸ்பெக்ட்ரோமீட்டரில், சாம்பிள் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் அப்சார்பன்ஸ் 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வருகிறது, 2 என்றால் நூறில் ஒன்று, 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. அந்த ஆயிரத்தில் ஒன்றை அளக்கும்போது உள்ளே சிதறித் திரிகிற தேவையில்லாத ஒளி எவ்வளவு என்பதில்தான் மலிவான மெஷினுக்கும் நல்ல மெஷினுக்கும் வித்தியாசம் தெரியும். அப்புறம் கேட்க மறக்கக் கூடாத கேள்வி: எந்த அலைநீளத்தில் பார்க்கப் போகிறீர்கள்? 260 நானோமீட்டர் என்றால் சாம்பிள் ஊற்றும் கண்ணாடி கியூவெட்டே ஒளியை விழுங்கிவிடும், குவார்ட்ஸ் வேண்டும். அதை கொட்டேஷனில் போடாமல் விட்டால் மெஷின் வந்த நாளிலேயே உங்களுக்கு ஃபோன் வரும்.

தராசில் ஒரு அழகான சங்கதி உண்டு. புவியீர்ப்பு விசை நிலநடுக்கோட்டை நோக்கி வர வரச் சற்றுக் குறையும். சென்னைக்கும் காரைக்குடிக்கும் அட்சரேகையில் மூன்று டிகிரி வித்தியாசம். கணக்குப் போட்டால், சென்னையில் அளவு சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே இங்கே கொண்டுவந்து 200 கிராம் கல்லை வைத்தால் சுமார் 20 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். கடைசி இலக்கம் 0.1 மில்லிகிராம் காட்டுகிற தராசில் இது பெரிய தவறு. அதனால்தான் வைத்த இடத்திலேயே மறுபடி அளவுதிருத்தம் செய்கிறோம். பேராசிரியர்களிடம் இதைச் சொன்னால் பேச்சு தானாகவே அரை மணி நேரம் ஓடும்.

நான்காம் படி: முதல் சந்திப்பு

முன்கூட்டியே நேரம் வாங்கிப் போங்கள், காலை பதினொன்றரைக்கு மேல் நல்லது. ஸ்காலர்கள் மெஷின் முன்னால் இருப்பார்கள், சாரும் கிளாஸ் முடித்து வந்திருப்பார். போனதும் பிரவுச்சரை நீட்டாதீர்கள். "இப்ப இந்த அளவை எப்படிப் பார்க்கறீங்க சார்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வரும்போது நான்கு விஷயங்களை நோட்டில் எழுதுங்கள்: சாம்பிள் என்ன, எந்த அளவு வரம்பு, ஒரு நாளைக்கு எத்தனை, பணம் எந்தத் திட்டத்திலிருந்து. நாலாவதை நேரடியாகக் கேட்கத் தயங்குவோம். ஆனால் அது தெரியாமல் மூன்று மாதம் அலைந்துவிட்டு, திட்டமே இன்னும் அனுமதியாகவில்லை என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

மரியாதை விஷயத்தில் செட்டிநாட்டுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பேராசிரியர் சார் அல்லது மேடம், லேப் அட்டெண்டர் அண்ணே. இந்த இரண்டாவதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மெஷினைத் துடைப்பவர், ஸ்விட்சைப் போடுபவர், உங்கள் போட்டிக் கம்பெனி எஞ்சினியர் எத்தனை மாதமாக வரவில்லை என்று அறிந்தவர் எல்லாம் அந்த அண்ணன்தான். மில்லுக்குப் போனால் முதலாளியை 'ஐயா' என்றோ 'அண்ணாச்சி' என்றோ நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அங்கே வேலை செய்பவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு நிமிடம் காது கொடுத்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: அறையைப் பாருங்கள்

இதை ஒரு படியாக யாரும் எழுதுவதில்லை. கொட்டேஷன் கொடுத்து, ஆர்டர் வந்து, மெஷின் லாரியில் ஏறிய பிறகு 'சைட் ரெடியா?' என்று ஒரு ஃபோன் போடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் முதல் பெரிய ஆர்டரில் ஒன்று தேவகோட்டைப் பக்கம் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு ஹாட் ஏர் ஓவன். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து லேபாக்கியிருந்தார்கள். முகப்பில் தேக்குத் தூண், தெருவாசல் கதவு யானை நுழையும் அளவுக்கு. பார்த்துவிட்டு, இங்கே எதுதான் போகாது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஓவன் வைக்க வேண்டியது உள்ளே, வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டி இரட்டை அறையில். அந்த வீடுகளில் தெருவாசல் எவ்வளவு பெரிதோ, உள் அறைகளின் நிலை அவ்வளவு குறுகல், படி வேறு உயரம். பெட்டி மூன்றடி அகலம், நிலை இரண்டே முக்கால் அடி. பெட்டியைப் பிரித்து, கதவுக் கீலைக் கழற்றி, நான்கு பேர் சாய்த்துப் பிடித்தும் ஓவனின் கைப்பிடி நிலையில் இடித்துச் செதுக்கு வேலையில் ஒரு கீறல். வீட்டுக்கார ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கீறலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளே டேப் வாங்கினேன்.

பார்க்க வேண்டியவை இவைதான். ஒன்று, வழி: லாரி நிற்கும் இடத்திலிருந்து மேஜை வரை ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு படியும், ஒவ்வொரு திருப்பமும். பேக்கிங் பெட்டியின் அளவோடு ஒப்பிடுங்கள், மெஷினின் அளவோடு அல்ல. இரண்டு, மின்சாரம்: மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வையுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சிவகங்கைச் சீமையில் கோடை வந்தால் எர்த் குழி வறண்டுவிடும், ஜூனில் பார்த்த அளவும் நவம்பரில் பார்த்த அளவும் ஒன்றாக இருக்காது. மின்வேதியியல் கருவிகளில் இந்தக் கோளாறு சிக்னலில் இரைச்சலாக வந்து நிற்கும், பழி மெஷின் மேல் விழும். மூன்று, காற்று. தராசுக்கு இதுதான் எமன். ஒரு கல்லூரியில் புதுத் தராசு வைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் கடைசி இலக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று ஃபோன். போய்ப் பார்த்தால் தலைக்கு மேல் ஃபேன், பக்கத்தில் திறந்த ஜன்னல், கீழே ஆடுகிற மரமேஜை. ஃபேனை நிறுத்தினோம், பாதி சரியானது. கொத்தனாரை வைத்து இரண்டு செங்கல் சுவர் எழுப்பி மேலே கடப்பாக் கல் போட்டோம், முழுக்கச் சரியானது. அந்த மேடைக்கு ஆன செலவு தராசின் விலையில் ஒரு துளி. அதை முன்பே சொல்லாமல் விட்டது என் தவறு, ஆனால் அந்த மூன்று நாளில் துறை முழுக்க 'மெஷின் டப்பா' என்ற பேச்சு பரவிவிட்டது. அதை அழிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

நான்கு, கேஸ் வேண்டிய மெஷின் என்றால் சிலிண்டர் எங்கே நிற்கும், யார் சுமந்து வருவார், என்ன தூய்மை. ஐந்து, தண்ணீரும் வடிகாலும். இவை சுலபம், கேட்டாலே போதும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைக் கஸ்டமரிடம் கொடுத்துவிடுங்கள். கொட்டேஷன் கொடுக்காமலே இந்தத் தாளைக் கொடுத்தவன் என்று உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: டெமோ

உங்கள் சாம்பிளை வைத்து டெமோ காட்டாதீர்கள். மில்லில் அவர்கள் நெல், பண்ணையில் அவர்கள் குளத்துத் தண்ணீர். ஈரப்பத மீட்டர் புழுங்கலுக்கும் பச்சைக்கும் ஒரே அளவுதிருத்தத்தில் சரியாகக் காட்டாது. மில்காரர் முன்னால் அதை நீங்களே சொல்லிவிட்டு, ஓவனில் காயவைத்த எடையோடு ஒப்பிட்டுக் காட்டினால் நம்பிக்கை வரும்.

ஆய்வகத்தில் டெமோ வேறு விளையாட்டு. பொட்டென்ஷியோஸ்டாட் டெமோ ஒன்றுக்குப் போனேன். வழக்கமான பரிசோதனைதான்: பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசல், கிளாஸி கார்பன் எலக்ட்ரோடு, வரைபடத்தில் மேலே ஒரு மலை கீழே ஒரு மலை. நான் ஸ்க்ரீனைப் பெருமையாகத் திருப்பிக் காட்ட, மூத்த விஞ்ஞானி ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பீக் செபரேஷன் என்ன வருது தம்பி?" என்றார். அந்த இரண்டு மலை உச்சிகளுக்கும் நடுவிலான இடைவெளியை அளந்து பார்த்தேன், 140 மில்லிவோல்ட். ஒரு எலக்ட்ரான் மாறுகிற, திரும்பிவரக்கூடிய வினைக்கு 59க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பது அந்த அறையில் இருந்த எம்எஸ்சி மாணவிக்குக்கூடத் தெரியும். நான் 'சாஃப்ட்வேர் செட்டிங்' என்று ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எலக்ட்ரோடைக் கழற்றி வாங்கி, ஈரத் துணிமேல் அலுமினாப் பொடியைக் கொஞ்சம் தூவி, விரலால் எட்டு போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்து, கழுவி, திரும்பக் கொடுத்தார். அடுத்த சுற்றில் 72. மெஷினில் ஒரு குறையும் இல்லை, நான் கொண்டுபோன எலக்ட்ரோடுதான் முந்தைய டெமோவின் அழுக்கோடு இருந்தது.

அன்றைக்கு இரண்டு பாடம். டெமோவுக்கு முந்தின இரவே எலக்ட்ரோடைத் தேய்த்து வையுங்கள், அதோடு டம்மி செல்லையும் எடுத்துப் போங்கள், மெஷின் நன்றாக இருக்கிறதா என்று கரைசல் இல்லாமலே காட்டிவிடலாம். இன்னொன்று, மின்வேதியியலையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிற ஊரில் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசாதீர்கள். 'கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்' என்று சொல்லிவிட்டு, நாளைக்கே சொல்லுங்கள். ஆர்டர் எங்களுக்குத்தான் கிடைத்தது, ஆனால் அது அந்த அலுமினாப் பொடிக்குக் கிடைத்த ஆர்டர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஏழாம் படி: விலை போடுவது

"பட்ஜெட் நாலரை லட்சம்" என்று சொன்னால் அது வரியோடா, வரி இல்லாமலா என்று அந்த நிமிடமே கேளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4,50,000 என்றால் மெஷினுக்கு உங்கள் கையில் இருப்பது 3,81,355 ரூபாய்தான். அதற்குள் யுபிஎஸ், கியூவெட், இன்ஸ்டாலேஷன், பயிற்சி எல்லாம் அடங்க வேண்டும். ஆய்வு நிறுவனங்களுக்கு முன்பு 5 சதவீதச் சலுகை வரி இருந்தது, 2022 ஜூலை 18க்குப் பிறகு அது போய்விட்டது. பழைய ஞாபகத்தில் பட்ஜெட் போடுகிற பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள், மென்மையாக ஞாபகப்படுத்துங்கள்.

இறக்குமதி மெஷின் என்றால் டாலர் விலை, கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும், சுங்கத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வாரன்ட்டி முடிந்த பிறகு வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு என்பதையும் இப்போதே போட்டுவிடுவது நல்லது. அப்புறம் கேட்டால் நீங்கள் சொல்கிற விலை, இப்போது கேட்டால் அவர்கள் சொல்கிற விலை என்று கம்பெனியில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எட்டாம் படி: டெண்டரும் ஜெம்மும்

சட்டம் இரண்டு வகை. சிக்ரி மத்திய அரசு நிறுவனம், அங்கே 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரிகளும் மாநிலத்துடையவை, அங்கே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு இடத்து ஃபார்மை இன்னொரு இடத்தில் நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மத்திய அறிவியல் நிறுவனங்களுக்கு 2025 ஜூனில் வரம்புகளை உயர்த்தினார்கள்: கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்க 2 லட்சம் வரை, கொள்முதல் கமிட்டி வழியாக 25 லட்சம் வரை. அதற்கு மேல் டெண்டர். பெரும்பாலும் இரண்டு கவர்: முதலில் தொழில்நுட்பம், அதில் தேறினால்தான் விலைக் கவரைத் திறப்பார்கள், தேறியவர்களில் குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். இங்கே தோற்பது விலையில் இல்லை, காகிதத்தில். ஸ்பெசிஃபிகேஷன் ஒவ்வொரு வரிக்கும் நேராக 'உண்டு, பிரவுச்சர் பக்கம் இத்தனை' என்று எழுதுகிற கம்ப்ளையன்ஸ் ஷீட்டில் வெறும் 'உண்டு' என்று போட்டால் தள்ளிவிடுவார்கள். தயாரிப்பாளரின் அங்கீகாரக் கடிதத்தில் டெண்டர் எண் தவறாக இருந்ததற்காக எனக்கு ஒரு நல்ல ஆர்டர் போயிருக்கிறது. ஒரே ஒரு இலக்கம். கடிதம் அனுப்பிய கம்பெனியைக் கோபித்து என்ன பயன், அதைப் படித்துப் பார்க்காமல் ஸ்கேன் செய்தவன் நான்தானே.

'மேக் இன் இந்தியா' உத்தரவுப்படி உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு சப்ளையர், 20 முதல் 50க்குள் இரண்டாம் வகுப்பு சப்ளையர். உங்கள் மெஷின் எதில் வரும் என்று கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள். சிறுதொழில் பதிவு இருந்தால் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்று நம்பி வருபவர்கள் கவனிக்க வேண்டியது: அந்தச் சலுகை தயாரிப்பாளருக்கும் சேவை தருபவருக்கும், வாங்கி விற்கிற வியாபாரிக்கு இல்லை.

அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குகிற இணையச் சந்தையான ஜெம் தளம் 2016இல் வந்தது. இப்போது மத்திய அரசுக் கொள்முதல் பெரும்பாலும் அதில்தான். உங்கள் பொருளைச் சரியான பிரிவில் ஏற்றியிருக்கிறீர்களா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், தவறான பிரிவில் கிடக்கிற மெஷினை யாரும் தேடி வர மாட்டார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'ஸ்பெக் நீங்களே எழுதிக் கொடுங்க' என்று சில இடங்களில் கேட்பார்கள். உங்கள் மெஷினைத் தவிர வேறு எதுவும் நுழைய முடியாதபடி, யாருக்கும் பயன்படாத ஒரு அளவை உள்ளே செருகத் தோன்றும். செய்யாதீர்கள். போட்டிக்காரன் முறையிட்டால் டெண்டரே ரத்தாகும், கையெழுத்துப் போட்ட பேராசிரியர் பதில் சொல்ல வேண்டிவரும், அதற்குப் பிறகு அந்தத் துறையில் உங்களுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. வேலைக்கு என்ன தேவையோ அதை எழுதிக் கொடுங்கள், உங்கள் மெஷின் நல்லதாக இருந்தால் அதிலேயே நிற்கும். லஞ்சக் கவர் கேட்கிறவர்களும் உண்டு. இல்லை என்று சொல்லி இரண்டு ஆர்டரை விட்டிருக்கிறேன், சோறு குறையவில்லை.

ஒன்பதாம் படி: டெலிவரியும் கையெழுத்தும்

பெட்டி வந்ததும் பிரிக்கும் முன் நான்கு பக்கமும் ஃபோட்டோ. சாய்ந்தால் நிறம் மாறுகிற ஸ்டிக்கர் இருந்தால் அதற்குத் தனி ஃபோட்டோ. கஸ்டமர் ஆள் ஒருவர் இல்லாமல் பிரிக்காதீர்கள். எஞ்சினியர் சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்து இறங்கினால் இரவு ஆகிவிடும், அதனால் முதல் நாளே வரச் சொல்லித் தங்க வையுங்கள். காலையில் வந்து மாலையில் ஓட நினைக்கிற எஞ்சினியர் பயிற்சியை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். பயிற்சிக்கு ஸ்காலர் மட்டும் போதாது, அட்டெண்டர் அண்ணனையும் உட்கார வையுங்கள். ஸ்காலர் மூன்று வருடத்தில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், அண்ணன் இருப்பார்.

இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட்டில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள். வாரன்ட்டி அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும், பணமும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நகரும். ஜெம் ஆர்டர் என்றால் பொருளை ஏற்றுக்கொண்ட சான்றிதழை அவர்கள் தளத்தில் போட வேண்டும், அதையும் உடனே ஞாபகப்படுத்துங்கள். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் இதெல்லாம் ஒரே நாளில் எல்லா இடத்திலும் நடக்கும், அந்த வாரத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பத்தாம் படி: அதற்குப் பிறகு

விற்ற மெஷின்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: இடம், மாடல், சீரியல் எண், வைத்த தேதி, அறையில் பார்த்த எர்த் அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விற்க ஒன்றும் இல்லாதபோதும், அந்த வழியாகப் போனால் எட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். நான் பைக் பெட்டியில் எப்போதும் மூன்று சாமான் வைத்திருப்பேன்: பிஹெச் மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர் கரைசல் பாட்டில், ஃபியூஸ் டப்பா, மூன்று மோலார் பொட்டாசியம் குளோரைடு. பிஹெச் எலக்ட்ரோடை யாரோ வெறும் தண்ணீரிலோ, அதைவிட மோசமாகக் காயவோ போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு இரவு ஊற வைத்தால் பாதி எலக்ட்ரோடு பிழைத்துக்கொள்ளும்.

போன வாரம்கூடப் புதுவயல் தாண்டிப் போகும்போது ஒரு பள்ளிக்கூடத்து லேப் அண்ணன் ஃபோன் செய்தார். "தம்பி, உங்க மீட்டர் எல்லாத்துக்கும் ஏழுன்னே காட்டுது, எலுமிச்சம்பழச் சாறுக்கும் ஏழு." போய்ப் பார்த்தேன். எலக்ட்ரோடின் ரப்பர் மூடியைக் கழற்றாமலே ஒரு மாதமாக அளந்துகொண்டிருக்கிறார்கள். கழற்றிக் காட்டினேன். அவர் சிரித்து, நான் சிரித்து, ஒரு டீ. கிளம்பும்போது, பக்கத்துத் தெருக் கல்லூரியில் புதுசாக லேப் கட்டுகிறார்களாம், அறை இன்னும் பூச்சு முடியவில்லையாம் என்றார். வண்டியைத் திருப்பி அங்கேதான் போனேன், டேப் பெட்டியில் இருந்தது.